புஸ்த் ஒத்துக்காத குற்றம்

— பஸ் வருஷம் பூரா நேரம் கழிச்சே வந்துச்சே, அதுக்குக் காரணம் யாரு?

— புஸ்த்தான். ஒத்துக்கிறான்.

— பாதிரியாரோட தேன்பெட்டியைக் கரடி உடைச்சுதே?

— அந்தக் கரடியைக் கூட்டிட்டு வந்ததே புஸ்த்தான். தேன் லேசாப் புளிச்சிருந்துச்சுன்னும் சொல்லிக்கிறான்.

— சிரிக்காதீங்கப்பா! இங்க விசாரணை நடக்குது. தபால்காரரோட பல்செட்டு ஆத்துல விழுந்துச்சே, அது?

— புஸ்த் தள்ளிவிட்டான். இப்ப ஒரு மீன் போட்டுக்கிட்டுத் திரியுது.

— நல்லது. கடைசிக் குத்தம். பெரிய குத்தம். நேத்து விடியக்காலம் புல்மேட்டுல பனிச்சரிவைக் கிளப்பிவிட்டு, லுட்விக்னு ஒரு யோக்கியனோட புகைக் கொட்டகையை, உள்ள தொங்கின பன்னித் தொடை, தொத்திறைச்சி எல்லாத்தோடயும் வாரிச் சுருட்டிட்டுப் போனது நீதான். ஒத்துக்கிறியா?

— மாட்டான்.

— என்னது?

— புஸ்த் இதை மட்டும் ஒத்துக்க மாட்டான்.

— ஏ யெர்னேயா! நீதானே அரசாங்க வக்கீல்? இவனுக்கு ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலையா? கார்னிவல் புஸ்த்னா ஊர்க் குத்தம் எல்லாத்தையும் ஒத்துக்கணும். அதுக்குத்தானே பாசியைச் சுத்தி, கொம்பை வைச்சு, மர முகமூடி மாட்டிக் கொண்டுவந்து நிறுத்துறோம்? என் தாத்தா நீதிபதியா இருந்தப்போ ஒரு புஸ்த் உலகப் போரையே ஒத்துக்கிட்டான்.

— லுட்விக் அண்ணே, நான் வருஷத்துல இந்த ஒரு நாள்தான் வக்கீல். மத்த நாளெல்லாம் பனி தள்ளுற வண்டி ஓட்டுறேன், மலை மீட்புப் படையில இருக்கேன். அந்த முறையில திரும்பவும் கேட்கிறேன். இன்னிக்கு ஊர்வலம் பாலத்துப் பக்கம் போக வேணாம்.

— ஆரம்பிச்சுட்டா. காலையிலேர்ந்து இதே பாட்டு.

— அஞ்சு நாள் விடாமக் கொட்டியிருக்கு. கூடவே காத்து அந்தப் பக்கத்துப் பனியையெல்லாம் அள்ளிட்டு வந்து இந்தப் பக்கம் அடுக்கியிருக்கு. புல்மேட்டுல ஒரு பாதிதான் நேத்து இறங்குச்சு. மிச்சம் பாலத்துக்கும் உங்க விடுதிக்கும் நேர் மேல நிக்குதோன்னு எனக்குப் பயமா இருக்கு. மேல ஒரே மூடுபனி. தூரக்கண்ணாடி வைச்சுப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியல.

— தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம்.

— அண்ணே, உங்க தொப்பை மறைச்சு உங்க செருப்பு உங்களுக்குத் தெரியுறதில்ல. செருப்பு இல்லைன்னு அர்த்தமா?

— கோர்ட்டை அவமதிக்காதே! கையில சுத்தி இருக்கு, தெரியுதா?

— அது கறி தட்டுற சுத்தி.

— தலையையும் தட்டும். இங்க பாரு யெர்னேயா, கார்னிவல் அன்னிக்கு ஊர்ச்சாவி நீதிபதி கையில. மேயரே கொடுத்துட்டாரு, இதோ இடுப்புல தொங்குது. வழக்கம்னா வழக்கம். விசாரணை முடியும். மணி கட்டின பசங்க முன்னால ஆடுவாங்க, குழந்தைங்க பின்னால போவாங்க. பாலத்துல வைச்சு வைக்கோல் புஸ்தை எரிப்போம், சாம்பலை ஆத்துல விடுவோம், வருஷத்துக் குத்தமெல்லாம் அதோட போயிடும். அப்புறம் எல்லாரும் என் விடுதியில சாப்பிடுவாங்க.

— கடைசியா ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அதான் விஷயம்.

— ஏன், சாப்பிடக் கூடாதா? மிலோய்கா காலையிலேர்ந்து அடுப்படியில நின்னு ஜாம் வைச்ச க்ரோஃப் பொரிச்சுக்கிட்டிருக்கா. என் பொண்டாட்டியே பயப்படாம அந்த மேட்டுக்குக் கீழ உக்காந்திருக்கா. உனக்கென்ன?

— மிலோய்கா அக்கா அங்கயா இருக்காங்க? காலையில வீடு வீடாத் தட்டி எல்லாரையும் இங்க சதுக்கத்துக்கு வரச் சொன்னேனே!

— அவ உன் பேச்சைக் கேட்பாளா? என் பேச்சையே கேட்க மாட்டா. அதோ, சமையலறை ஜன்னல்ல விளக்கு எரியுது பாரு.

— அய்யோ, உடனே யாராவது போய்...

— விளக்கு எரிஞ்சா ஆள் இருக்கணும்னு சட்டமா? புஸ்த் சும்மா கேட்கிறான்.

— ... ஓ.

— என்ன ஓ?

— ஒண்ணுமில்லண்ணே. புஸ்த் சொல்றது சரிதான். விசாரணை நடக்கட்டும்.

— இப்பதான் யாராவது போகணும்னு குதிச்சே?

— குதிச்சேன். இறங்கிட்டேன். புஸ்த், நீங்க நிக்கிறது கஷ்டமா இருந்தா உக்காந்துக்கோங்க.

— அவனுக்கென்ன 'நீங்க', 'வாங்க'? குற்றவாளிக்கு ஏன் மரியாதை? டேய் தீலென், நிமிர்ந்து நில்லுடா! என் அக்கா மகன்னு பார்க்க மாட்டேன்.

— அண்ணே! முகமூடிக்குள்ள இருக்கிறவன் பேரைச் சொல்லிட்டீங்க. அபராதம், ஒரு குடம் வைன்.

— வருஷா வருஷம் புஸ்த் வேஷம் கட்டுறது தீலென்தான்னு ஊருக்கே தெரியும்!

— தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. அதுவும் வழக்கம். ஒரு குடம்.

— சரி சரி, எழுதிக்கோ. ஆனா டேய், நீ என்னடா இந்த வருஷம் இவ்வளவு குட்டையா இருக்கே?

— புஸ்த் பனியில நனைஞ்சான். சுருங்கிட்டான்.

— குரலும் கீச்சுன்னு இருக்கு.

— குரலும் சேர்ந்துதான் நனைஞ்சுது.

— அண்ணே, வழக்குக்கு வாங்க. நேத்து விழுந்த சரிவு தானா விழுந்துச்சா, யாராவது மேல சறுக்கி அறுத்துவிட்டாங்களா?

— தானா விழுந்தது. அதான் சொல்றேன், சுமையெல்லாம் இறங்கிடுச்சு, இனி ஆபத்தில்ல, ஊர்வலம் போகலாம்.

— அப்போ நேத்து மத்தியானம் விடுதியில மேசை மேல ஏறி நின்னு, எவனோ ஒருத்தன் பனிச்சறுக்குக் கட்டையோட மேல போய் வெட்டிவிட்டிருக்கான்னு கத்துனீங்களே?

— எவனோ வெட்டிவிட்டான்தான்! கொட்டகைக்குள்ள மாசக்கணக்கா புகை போட்ட தொடை அது!

— ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே.

— கொட்டகையைப் பத்திப் பேசுறப்போ ஆள் வெட்டினது. ஊர்வலத்தைப் பத்திப் பேசுறப்போ தானா விழுந்தது. இதுல என்ன குழப்பம்?

— குழப்பமே இல்ல. கேட்டுக்கோங்க. தானா விழுந்திருந்தா கூட என்னால உறுதி சொல்ல முடியாது. ஆனா ஒரு ஆளோட எடைக்கே கழண்டுருச்சுன்னா, கதை ரொம்ப மோசம். ஓரத்துல மெல்லிசான இடத்துல கட்டை பட்டு ஒரு பாதி போயிருக்கும். இன்னொரு பாதி பிடிமானம் இல்லாம அந்தரத்துல நிக்கும். மேல போன ஆள் வாயைத் திறந்தா போதும், எங்க விரிசல்னு தெரிஞ்சுடும்.

— திறக்க மாட்டான். என் விடுதிக்குள்ள ஜென்மத்துக்கும் காலை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? ஊர்ல இருக்கிறதே ஒரு விடுதி. எவன் திறப்பான்?

— அந்தத் தடையை எடுத்துட்டா திறப்பாங்க.

— எடுக்க மாட்டேன். தொடைக்கறிக்கு நியாயம் வேணும்.

— புஸ்த் ஒண்ணு சொல்லலாமா?

— சொல்லித் தொலை.

— புஸ்த் மேல போட்ட குத்தம் சாம்பலோட ஆத்துல போயிடும். அப்புறம் அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதான் இதை ஒத்துக்க மாட்டேங்கிறான். இது ஆத்துல போற விஷயமில்ல. இன்னிக்கே பேச வேண்டிய விஷயம். புஸ்த் சாட்சி சொல்றான்.

— குற்றவாளி சாட்சி சொல்றதா? எந்த ஊர் வழக்கம்?

— போன வருஷம் நீதிபதியே குடிச்சுட்டுத் தூங்கிட்டாரு, சாட்சிங்கதான் தீர்ப்புச் சொன்னாங்க. அது எந்த ஊர் வழக்கம்? அதோட குறட்டை வேற. இங்க கூடியிருக்கிற மணிங்களோட சத்தமெல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்காது.

— என் குறட்டை உனக்கெப்படிடா தெரியும்?

— ஊருக்கே தெரியும்.

— அதுல ஒரு பாடமும் இருக்கண்ணே. மணிச் சத்தத்துக்குப் பனி விழுந்துடும்னு சில பேர் பயப்படுறாங்க. சத்தத்துக்கெல்லாம் விழாது. விழும்னா உங்க குறட்டைக்கே மலை மொட்டையாகியிருக்கும். மனுஷன் எடைதான் ஆகாது.

— மலையைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்குறியா, யெர்னேயா? நான் பார்க்காத மலையா? ஒரு தடவை, பனி இடுப்பு வரைக்கும், ஒரு கெடா மலையாட்டைத் துரத்திக்கிட்டே போறேன், போறேன், அது பாறை முனையில போய் நிக்குது, நான் முட்டி போட்டு, மூச்சைப் பிடிச்சு, கையைத் தோளுக்குக் கொண்டுபோறேன்...

— தோள்ல துப்பாக்கியே இல்ல. விறகுக்கட்டைதான் இருந்துச்சு.

— டேய்! கதையோட முடிவைச் சொல்லிட்டியே!

— ஊருக்கே தெரியும்.

— அண்ணே, கதையை விடுங்க. சாட்சியைக் கேட்போம். புஸ்த், நேத்து விடியக்காலம் என்ன பார்த்தீங்க?

— இரு இரு. அதுக்கு முன்னால ஒண்ணு. புஸ்த், நீ மேல போயிருந்தேன்னா, தடையிலேர்ந்து தப்பிக்கலாம்னு நினைக்காதே. சாட்சிக்கு மன்னிப்பு கிடையாது.

— புஸ்த் மன்னிப்பு கேட்கல. தடையை அப்படியே வைச்சுக்கலாம். சொல்லப்போனா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னா புஸ்துக்குச் சந்தோஷம்.

— சொல்றேன்! பயமா எனக்கு? புல்மேட்டை வெட்டிவிட்ட ஆள் யாரா இருந்தாலும் சரி, கிழவனோ குமரனோ, உறவோ பகையோ, இன்னியிலேர்ந்து என் விடுதிக்குள்ள காலை வைக்கக் கூடாது! வாசலைத் தாண்டக் கூடாது! இது தீர்ப்பு! தட்டிட்டேன், பாரு! போதுமா?

— ரொம்பத் திருப்தி. இப்ப புஸ்த் சொல்றான். நேத்து விடியுற நேரம் கொஞ்சம் தெளிஞ்சுது. நட்சத்திரம் தெரிஞ்சுது. புஸ்த் சறுக்குக் கட்டைக்குக் கீழ, ஏறுறப்போ வழுக்காம இருக்க ரோமப் பட்டையை ஒட்டிக்கிட்டு, லார்ச் மரங்களுக்கு நடுவுல மேல ஏறினான்.

— பனிச்சரிவு அபாயம் அஞ்சுக்கு நாலுன்னு பெரிய எழுத்துல பலகை வைச்சிருந்தேனே! அதைப் பார்க்கலையா?

— பார்த்தான். ஆனா அஞ்சு நாள் வீட்டுக்குள்ள ஒரே ஆளோட அடைஞ்சு கிடந்து, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவனுக்கு அந்தப் பலகை ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சுது.

— எந்தக் கதை?

— அண்ணே, குறுக்க பேசாதீங்க. சொல்லுங்க, புஸ்த்.

— போனது தப்பு. அதை ஒத்துக்கிறான். மரக்காட்டோட நின்னுருக்கணும். வெளிச்சம் வந்துச்சு, பனி பளபளன்னு இருந்துச்சு, புல்மேட்டோட ஓரத்தை மட்டும் ஒரு எட்டுப் பார்க்கலாம்னு தோணுச்சு. கைத்தடியைக் குத்திப் பார்த்தான். மேல பலகை மாதிரி விறைப்பு. அதைத் தாண்டினதும் தடி தானா உள்ள இறங்குது. அடியில சர்க்கரைச் சாக்குல குத்தின மாதிரி உதிரி.

— அது பனி கொட்டுறதுக்கு முன்னால, குளிர்ல காய்ஞ்சு கிடந்த பழைய பனி. அது மேல எதுவும் ஒட்டாது. அப்புறம்?

— ரெண்டு அடி வைச்சான். காலுக்கடியில 'பும்'முனு ஒரு சத்தம். தடிச்ச ஆள் ஒருத்தர் சாயங்காலம் வேலை முடிஞ்சு மெத்தையில தொப்புன்னு விழுவாரு பாரு, அந்த மாதிரி. கட்டை முனையிலேர்ந்து விரிசல் கோடு மாதிரி ஓடுச்சு. புஸ்த் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். இடது பாதி கண்ணு முன்னாலயே கழண்டு போச்சு.

— என் கொட்டகை!

— கொட்டகைதான். புஸ்த் மரத்தைப் பிடிச்சுக்கிட்டே அழுதான். அந்தத் தொடைக்கு உப்புத் தேய்ச்ச கை யாருதுன்னு அவனுக்குத் தெரியும்.

— வலது பாதி?

— நிக்குது. நடுவுல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு பிளவு. நேத்து அதுல கையை விடலாம். இன்னிக்கு எவ்வளவு அகலமோ.

— அது பாலத்துக்கு நேர் மேல.

— பாலத்துக்கும் விடுதித் தாழ்வாரத்துக்கும்.

— போதும். எனக்கு இது போதும். அண்ணே, ஊர்வலம் போகக் கூடாது. வைக்கோலை இங்கயே, கோயில் முன்னால எரிச்சுக்கலாம்.

— இங்கயா? ஆறு எங்க இருக்கு இங்க? சாம்பலை எங்க விடுறது, குழாயிலயா? அதுவும் இல்லாம, ஒரு முகமூடி சொல்றான்னு என் தாத்தாவோட வழியை மாத்துறதா? நூறு தட்டு கழுவி வைச்சிருக்கேன்!

— யாரு கழுவினா?

— என்ன?

— ஒண்ணுமில்ல. புஸ்த் சும்மா கேட்டான்.

— அண்ணே! மணிப் பசங்க கிளம்பிட்டாங்க! நீங்க முன்னாடி தட்டினதைத் தீர்ப்பு முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டாங்க. ஏய், நில்லுங்கடா! கேட்க மாட்டேங்கிறாங்க, அந்த மணிச் சத்தத்துல என் குரல் எங்க கேட்கும்? குழந்தைங்களும் பின்னால ஓடுதுங்க. சுத்தியை மூணு தடவை தட்டுங்க, அதுக்கு மட்டும்தான் நிப்பாங்க!

— கொஞ்சம் யோசிக்க விடு. நூறு தட்டு...

— அண்ணே!

— எல்லாரும் வந்து சாப்பிடுவாங்கன்னு வைனை வேற திறந்து...

— லுட்விக். தட்டு.

— டேய், நீதிபதியைப் பேர் சொல்லியா...

— தட்டுன்னு சொன்னேன்ல!

— தட்டிட்டேன்! தட்டிட்டேன், மூணு தடவை தட்டிட்டேன்! ... நான் ஏன் தட்டினேன்?

— நின்னுட்டாங்க. அப்பாடா. டேய் பசங்களா, திரும்பி வாங்க! குழந்தைங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க! ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் நிக்கக் கூடாது!

— எனக்குப் புரியவே இல்ல. கை தானா தட்டுது. அந்தக் குரலைக் கேட்டதும் முதுகெலும்பு நிமிர்ந்துடுச்சு. என்னமோ குப்பையைக் கொட்ட மறந்துட்ட மாதிரி ஒரு...

— சும்மா இருங்கண்ணே. கேளுங்க.

— என்ன கேட்கணும்?

— மேல.

— ... லாரி வருதா?

— லாரி இல்ல. எல்லாரும் கோயில் சுவரோரமா வாங்க! சுவரோரம்! அண்ணே, நீங்களும்தான்! புஸ்த், அவரை இழுங்க!

— ஆத்தாடி! மேடே நடந்து வருது!

— வாயை மூடிக்கோ, பனித்தூள் போயிடும். தலையைக் குனி. இன்னும் குனி. புஸ்த் பிடிச்சிருக்கான்.

— ...

— எல்லாரும் இருக்கீங்களா? குழந்தைங்க? எண்ணிட்டீங்களா, டீச்சர்? எல்லாரும் இருக்காங்களா? நல்லது, நல்லது. பாலம் தெரியல. பாலத்து மேல வீடு உசரத்துக்குப் பனி. அந்த ஊர்வலம் போயிருந்தா... வேணாம், நான் சொல்ல மாட்டேன்.

— விளக்கு...

— என்னண்ணே?

— சமையலறை விளக்கு அணைஞ்சிடுச்சு. மிலோய்கா! மிலோய்கா உள்ள இருக்கா! விடுடா என்னை! விடு!

— அண்ணே, நில்லுங்க! விடுதி நிக்குது, கூரை தெரியுது. மின்கம்பி அறுந்திருக்கும், அதான் விளக்கு போச்சு. பின்னால இன்னும் சரியலாம், இப்ப போகக் கூடாது!

— எவன் போகாம இருப்பான்? மண்வெட்டி குடு! அது இல்லைன்னா இந்தச் சுத்தியாலயே தோண்டுறேன்! நூறு தட்டாம், தொடைக்கறியாம்! என்னைக் கொண்டுபோய் அந்தப் பாலத்துல வைச்சு எரிங்க, வைக்கோல் எதுக்கு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு வேளை அவளை உக்காரவைச்சு நான் தட்டு வைச்சதில்ல. காலையில கிளம்புறப்போ கூட 'க்ரோஃப் கருகாம பார்த்துக்கோ'ன்னுதான் சொல்லிட்டு வந்தேன். அவ திரும்பி வரட்டும், அவளைச் சமையலறைப் பக்கமே விட மாட்டேன். நானே சமைக்கிறேன், நானே கழுவுறேன், ஊரறியச் சத்தியம்!

— மலையாட்டுக் கதை?

— அதைச் சொல்லவே மாட்டேன்! செத்தாலும் சொல்ல மாட்டேன்! டேய் தீலென், ஏன்டா கல்லு மாதிரி நிக்கிறே? உன் அத்தைடா உள்ள இருக்கா!

— மறுபடி பேரைச் சொல்லிட்டீங்க. ரெண்டாவது குடம். ஆனா அண்ணே, தீலென் அதோ நிக்கிறான், பாருங்க. வாய் நிறைய க்ரோஃப் வைச்சுக்கிட்டு.

— அவன்... ஆமா, அவன்தான். அந்த க்ரோஃப் அவனுக்கு எப்படி... அப்போ இது யாரு? ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க? ஏய், முகமூடியைக் கழட்டு! யாரு நீ?

— முதல்ல கண்ணைத் துடை, லுட்விக். அப்புறம் அந்தச் சுத்தியைப் பத்திரமா எடுத்து வை, நாளைக்குக் கறி தட்டணும். புல்மேட்டை வெட்டினவங்க விடுதிக்குள்ள காலை வைக்கக் கூடாதுன்னு தீர்ப்புச் சொன்னது நீதான், நான் தீர்ப்பை மதிக்கிறவ. உப்பு டப்பா அடுப்புக்கு மேல, இடது பக்கம்.